பார்ட்ஸ் அண்ணன் கழற்றிப் பார்த்த சொற்கள்

அந்தக் கடைத்தெருவில் வண்டிக்கு உதிரிபாகம் தேடி வருகிறவர்கள் கடையின் பெயரைச் சொல்லி வழி கேட்பதில்லை. பார்ட்ஸ் அண்ணன் கடை எது என்றுதான் கேட்பார்கள். கடை அவருடையது இல்லை. முதலாளி என்று ஒருவர் உள்ளே கண்ணாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் இருந்தார். ஆனாலும் கடை பார்ட்ஸ் அண்ணனுடையது என்பதில் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆள் ஒல்லி. காதில் பேனா. முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் சுவர் முழுக்க இழுப்பறைகள். லாரிக்காரர் ஒருவர் எண்ணெய்க் கையோடு உடைந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தால் போதும், அதை இரண்டு விரலால் புரட்டிப் பார்ப்பார். எந்த வண்டி, எந்த மாடல், எதனால் உடைந்தது என்று சொல்லிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டிச் சரியான இழுப்பறையை இழுப்பார். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறீர்களே என்று போகிற போக்கில் ஒரு குட்டும் வைப்பார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்தான். ஆனால் பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் இங்கிலீஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. இன்ஜெக்டர், கம்ப்ரஸர், சஸ்பென்ஷன், டிரான்ஸ்மிஷன் என்று கடகடவென்று வாசிப்பார். பெட்டியை விட்டு இறங்கிய இங்கிலீஷ் மட்டும் அவரிடம் நின்று ஒரு வார்த்தை பேசாது.

அதை ஒரு குறையாகவே அவர் நினைத்ததில்லை, மனைவியின் கழுத்தில் கட்டி வரும்வரை.

கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் அண்ணன் என்றால் அந்த அம்மா அண்ணி. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அண்ணி சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த வாய் இல்லாவிட்டால் அந்த வீட்டில் சத்தமே இருந்திருக்காது, ஏனென்றால் அண்ணன் தன் பேச்சையெல்லாம் கடையிலேயே செலவு பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். தைத்து முடித்த காலரைச் சில சமயம் தன் கழுத்திலேயே வைத்துப் பொத்தான் போட்டுப் பார்ப்பது அண்ணியின் வழக்கம். ஒரு நாள் பொத்தான் சேரவில்லை. காலரில்தான் தப்பு என்று பிரித்துத் தைத்தார். மறுபடியும் சேரவில்லை. அப்புறம்தான் கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நல்ல அம்மாதான், குறை சொல்லக் கூடாது. கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கலாம் என்று நல்ல தமிழில்தான் சொன்னார். ஆனால் பின்னால் நின்ற சின்ன டாக்டர்கள் பக்கம் திரும்பியதும் குழாய் திறந்த மாதிரி இங்கிலீஷ் கொட்டியது. அண்ணியின் கழுத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். கழுத்துக்குச் சொந்தக்காரி நடுவில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்ட்ஸ் அண்ணன் சுவரோரம் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த வெள்ளத்தில் ஒரே ஒரு வார்த்தை அவர் காதில் கரை ஒதுங்கியது. சஸ்பிஷியஸ்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அண்ணி கேட்டார்.

"அவங்களுக்குள்ள என்ன பேசிக்கிட்டாங்க?"

"ஒண்ணும் இல்லன்னுதான் பேசிக்கிட்டாங்க."

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அவர் பேசாமல் வருவதே அண்ணனுக்குப் பெரிய தண்டனை. அப்புறம் சொன்னார். "எவன் வண்டியில எது உடைஞ்சாலும் உங்களுக்குத் தெரியும். எனக்கு என்னன்னுதான் தெரியல." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார். இறங்கும் முன் இன்னொன்றும் சொன்னார். "அடுத்த தடவை அவங்க பேசறது எதுவா இருந்தாலும் எனக்கு அப்படியே சொல்லணும். நல்லதோ கெட்டதோ, முதல்ல உங்க வாயாலதான் நான் கேக்கணும். சும்மா ஒண்ணும் இல்லன்னு சொல்ற வேலை வேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யோசித்தார். இஞ்சின் முழுசாகக் கைக்கு வந்தால் மாட்டிவிடுவார், இந்த இங்கிலீஷை எங்கே போய் வாங்குவது?

கடைத்தெரு முனையில் பழைய புத்தகக் கடை ஒன்று உண்டு. அங்கே அட்டை போன ஒரு தடி டிக்‌ஷனரி கிடைத்தது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இழுப்பறைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதைப் பிரித்தார். சஸ்பிஷியஸுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. ஆனால் சஸ்பென்ஷனுக்குத் தெரியுமே, வாழ்நாள் முழுக்க விற்ற சாமான் ஆயிற்றே. தொடக்கம் ஒரே சத்தம்தானே என்று அதை முதலில் பிடித்தார். அதற்குச் சில வரி கீழேயே சஸ்பிஷியஸ் உட்கார்ந்திருந்தது. தமிழில் பொருள் போட்டிருந்தது. சந்தேகத்துக்கு இடமான.

வேறு யாராக இருந்தாலும் அதோடு புத்தகத்தை மூடியிருப்பார்கள். இந்த மனுஷன் மூடவில்லை. உடைந்த சாமானைப் பார்த்தால் புரட்டிப் பார்க்கிற கை அல்லவா. ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழேயும் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அதற்கு முன்னால் எல் என்று ஓர் எழுத்து. வண்டி பழகுகிறவர்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற எல் எழுத்துதான் அவருக்குத் தெரியும். இது புதிதாகப் படிக்கிறவர்களுக்கு உரிய வார்த்தை போலிருக்கிறது, நமக்கு ஏற்றது என்று நிம்மதியாக எல் போட்டவற்றை மட்டும் படித்துக்கொண்டு வந்தார். சில நாள் கழித்து முன்பக்கத்தில் குறியீட்டு விளக்கத்தைப் பார்த்தபோதுதான் அது லத்தீன் என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் யாரோ பேசிய பாஷை, இந்த வார்த்தைகள் பிறந்த இடம். அதற்குள் நல்ல வேளையாகப் பழக்கம் பிடித்துவிட்டது.

சஸ் என்றால் கீழே. சஸ்பென்ஷன் என்றால் கீழே தொங்குவது. சஸ்பிஷியஸ் என்றால் கீழ்க்கண்ணால் பார்ப்பது. அந்தப் பார்க்கிற துண்டுதான் வண்டி இன்ஸ்பெக்‌ஷனிலும் இருக்கிறது, மூக்குக் கண்ணாடியைச் சொல்கிற ஸ்பெக்ஸிலும் இருக்கிறது. அண்ணனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வார்த்தைக்கும் பார்ட்ஸ் உண்டு. ஒரு வண்டியின் நட்டு இன்னொரு வண்டிக்குச் சேருகிற மாதிரி, ஒரே துண்டைப் பத்து வார்த்தைக்கு மாட்டியிருக்கிறார்கள். இத்தனை காலமாகத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றையாவது திறந்து பார்க்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. டிராக்டர் என்றால் இழுக்கிறது. பேரிங்கைக் கழற்றுகிற எக்ஸ்ட்ராக்டர் என்றால் வெளியே இழுக்கிறது. எக்ஸ் என்றால் வெளியே, அதனால்தான் புகை வெளியே போகிற குழாய்க்கு எக்ஸாஸ்ட். இன்ஜெக்டர் டீசலை உள்ளே எறிகிறது, புரொஜெக்டர் லைட் வெளிச்சத்தை முன்னால் எறிகிறது. பேட்டரி டெர்மினல் என்பது கம்பி போய் முடிகிற இடம், டெர்மின் என்றால் முடிவு. இஞ்சினில் கோளாறு என்றால் எரிகிற மஞ்சள் விளக்குக்கு மால்ஃபங்ஷன் லைட் என்று பெயர், மால் என்றால் கெட்டது. நட்டு, போல்ட்டு, கிளட்ச், பிரேக் இதெல்லாம் லத்தீன் குடும்பத்தில் சேரவில்லை. அதில் அவருக்கு வருத்தம்தான். அநாதைகள் என்று ஒதுக்கி வைத்தார்.

படித்ததை அண்ணியிடம் ஒப்பிப்பார். அண்ணி கிண்டலுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் காது மட்டும் கொடுப்பார். மேனுஃபேக்சர் என்றால் கையால் செய்வது என்று அண்ணன் சொன்னபோது, தன் கம்பெனிச் சட்டையின் லேபிளை எடுத்து நீட்டி, கடகடவென்று மிஷினில் தைக்கிறதற்கு இப்படி எழுதியிருக்கிறார்களே, லேபிளிலேயே பொய்யா என்று விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு நாள் இன்க்ளூட் வந்தது. ஸ்க்ரூ இன்க்ளூடட் என்று பெட்டிக்குப் பெட்டி போட்டிருப்பார்களே, அந்த வார்த்தைக்குள் ஒரு கதவு இருக்கிறது, க்ளூட் என்றால் சாத்துவது, உள்ளே வைத்துச் சாத்தியாயிற்று என்று அர்த்தம் என்றார் அண்ணன். அண்ணி துவைத்த துணியை மடித்துக்கொண்டே, கதவு இருப்பது நல்லதுதான், நம் வீட்டுக் குளியலறைக் கதவையும் கொஞ்சம் பாருங்கள், மாசக்கணக்கில் சாத்த வரவில்லை என்றார்.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆசை யாரை விட்டது. கடை விடுமுறை நாளில் தூசு தட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனவர், கதவைச் சாத்திக்கொண்டு சுவர் முழுக்க இருந்த இழுப்பறைகளைக் கவிழ்த்து மறுபடி அடுக்கினார். வண்டிவாரியாக இல்லை. துண்டுவாரியாக. எறிகிறதெல்லாம் ஒரு வரிசை. இழுக்கிறதெல்லாம் ஒரு வரிசை. அழுத்துகிறதெல்லாம் ஒரு வரிசை, அதில் ஏசி கம்ப்ரஸரும் கிளட்ச் பிரஷர் பிளேட்டும் அண்ணன் தம்பியாகப் படுத்திருந்தன. அநாதைகள் அடியில். அடுக்கி முடித்துப் பின்னால் நின்று பார்த்தபோது, பார்க்கிறவருக்குக் குப்பைமேடு, அவருக்குச் சொர்க்கம். நாளைக்குச் சாவகாசமாக முதலாளியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டு வந்தார்.

நாளைக்குத்தான் ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு ஊசி. படித்த வார்த்தைகளுக்கு நடுவில் அதை எங்கேயோ மறந்திருந்தார். அண்ணி காலையில் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் நினைவு வந்தது. முதலாளியிடம் லீவு மட்டும் சொன்னார்.

அண்ணியை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. கடையில் முதலாளியே மேஜைக்கு வந்து நிற்கிறார், எதிரில் டீசல் பம்ப்புக்கு இன்ஜெக்டர் கேட்டு ஒரு லாரிக்காரர். டீசல் சாமான் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே டிராக்டர் கொக்கி. அதற்குப் பக்கத்தில் பேரிங் கழற்றுகிற எக்ஸ்ட்ராக்டர்.

"ரெண்டும் ஏன்யா ஒண்ணாக் கிடக்கு?" என்றார் முதலாளி.

"ரெண்டும் இழுக்கறதுதானுங்களே" என்றார் அண்ணன்.

இன்ஜெக்டர் புரொஜெக்டர் லைட்டுக்குப் பக்கத்தில் என்று இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். அப்புறம் முதலாளி பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வாசிக்கிறவர்களுக்குப் பெண்டு பிள்ளைகள் இருப்பார்கள். எந்தப் பைத்தியம் உன்னைப் பிடித்தது என்ற இடத்தில் வந்து நின்றபோது, அண்ணனுக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கட்டியில் தொடங்கி, பஸ், அண்ணி கேட்டது, டிக்‌ஷனரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முதலாளி கடைசி வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில், "வீட்டம்மாவுக்கு முதல்ல சரியாகட்டும். அப்புறமா உன்னை நிதானமாத் திட்டிக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். அந்த வாரம் முழுக்க அண்ணன் கடை சாத்திய பிறகும் இருந்து ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தார். முதலாளியும் கூட நின்று எடுத்துக் கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டே.

ஊசி ரிசல்ட்டுக்குப் போன அன்று சின்ன டாக்டர் திரையைப் பார்த்துப் பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னார். இன்டிடர்மினேட். அண்ணன் சுவரோரம் நின்றபடியே அதைக் கழற்றத் தொடங்கினார். நடுவில் டெர்மின் இருக்கிறது. டெர்மினல். முடிவு. முன்னால் இன். இந்த இன் பொல்லாதது. சில இடத்தில் உள்ளே என்கிறது, சில இடத்தில் இல்லை என்கிறது, முகத்தைப் பார்த்து நம்ப முடியாது. பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்து இது இல்லைதான் என்று முடிவு கட்டினார். குனிந்து அண்ணி காதில் சொன்னார். "நல்லதுன்னும் சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல. முடிவு தெரியலையாம்." அடுத்த நிமிஷம் பெரிய டாக்டர் தமிழுக்கு வந்து அதையே சொல்லி, ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்து முழுசாகச் சோதித்தால்தான் நிச்சயம் என்றார்.

நல்ல செய்தி இல்லை. ஆனாலும் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. தெரியாது என்பதையாவது தெரிந்துகொண்டு வருகிறோமே, இதுவே பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். அண்ணனுக்குப் பாரம் ஏறியது. அடுத்த தடவை வருகிற வார்த்தை இப்படி நடுவில் நிற்காது. அது கெட்டதாக இருந்தால் அதைத் தன் வாயால்தான் சொல்லவேண்டும். சொல்லித் தொலைத்த வாக்கு அப்படி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் கட்டோடு அண்ணி வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நாளைக்குக் குரல் கம்மித்தான் இருக்கும், அதிகம் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன் இருந்ததே இல்லை. அண்ணன் அதைச் சகிக்க முடியாமல் தானே பேசிப் பார்த்தார், ரேடியோ போட்டுப் பார்த்தார், குளியலறைக் கதவைக் கூடச் சரி பண்ணிவிட்டார். டிக்‌ஷனரியைத் தொடவில்லை. தெரிந்த வார்த்தையெல்லாம் பயமுறுத்தியது. மால் என்ற துண்டைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. கடையில் ஒருவர் மால்ஃபங்ஷன் லைட் எரிகிறது என்று வந்து நின்றபோது, அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். முதலாளிதான் எழுந்து வந்து கவனித்து அனுப்பினார்.

கடைசி ரிசல்ட் நாள். அதே அறை, அதே நாற்காலி. இந்தத் தடவை அண்ணி அவரைச் சுவரோரம் நிற்க விடவில்லை. பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டார். டாக்டர்களைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைத்தான் பார்த்தார். அவருக்குத் தெரியும், சேதி அங்கேதான் முதலில் வரும் என்று.

சின்ன டாக்டர் திரையில் எதையோ தேடிப் பிடித்தார். பெரிய டாக்டர் வேறு எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே, என்ன வந்திருக்கிறது என்று கேட்டார். சின்ன டாக்டர் வாசித்தார்.

"மாலிக்னன்சி..."

மால். அண்ணனின் முகம் செத்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டார். கெட்டது வந்துவிட்டது, இனி வாயைத் திறந்து சொல்லவேண்டும், எப்படிச் சொல்வது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது. வார்த்தை இன்னும் முடியவில்லை என்பதே அண்ணனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

"...எக்ஸ்க்ளூடட், மேடம்."

எக்ஸ். எக்ஸாஸ்ட். புகை வெளியே. க்ளூட். கதவு. ஸ்க்ரூ இன்க்ளூடட் என்றால் உள்ளே வைத்துச் சாத்துவது. அப்படியென்றால் இது. இது வெளியே. அண்ணன் அதை ஒரு தடவை கழற்றி, ஒரு தடவை மாட்டி, தப்பாக மாட்டிவிடக் கூடாதே என்று மறுபடியும் கழற்றி மாட்டினார். மாட்டி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. அழுகிற முகத்தைப் பார்த்து அண்ணி இன்னும் பயந்துபோனார், பாவம்.

"இல்ல இல்ல" என்றார் அண்ணன். "கெட்டதை வெளிய நிறுத்திக் கதவைச் சாத்திட்டாங்க."

அண்ணி அந்தக் கம்மிய குரலில், ரகசியம் மாதிரி கேட்டார். "நல்லாச் சாத்திட்டாங்களா?"

"நல்லாச் சாத்திட்டாங்க."

பெரிய டாக்டர் கையெழுத்தை முடித்துப் பேனாவை மூடினார். சின்ன டாக்டர் காட்டிய திரையை ஒரு முறை பார்த்தார். சிரித்த முகத்தோடு நாற்காலியை இவர்கள் பக்கம் திருப்பி, அண்ணியின் தோளில் கை வைத்து, "ரிசல்ட் வந்துடுச்சும்மா, உங்களுக்கு..." என்று தமிழில் ஆரம்பித்தார்.

"தெரியும் டாக்டர்" என்றார் அண்ணி. "இவர் சொல்லிட்டார்."